ஃபோர்ட் புலாஸ்கி, ஜார்ஜியா (அமெரிக்கா): பீரங்கிய விடுங்க, சுவர பாருங்க

சவானா போறவங்க முக்காவாசி பேரு நேரா டைபீ பீச்சுக்கு ஓடிடுறாங்க, போற வழியில காக்ஸ்பர் தீவுல இருக்குற இந்த கோட்டையோட போர்ட மட்டும் பார்த்துட்டு தாண்டிடுறது. நாங்களும் ரெண்டு தடவ அப்படி தாண்டினவங்க தான். இந்த முறை ஊர்லேர்ந்து மாமனார் வந்திருந்தாரு, முப்பது வருஷம் கட்டட வேலை பார்த்த மனுஷன், பீச்ல உக்கார சொன்னா அரை மணி நேரத்துல போரடிக்குதுன்னுடுவாரு, அதனால கோட்டைக்கு கூட்டிட்டு போனேன். 5க்கு தாராளமா நாலரை குடுப்பேன்.

முதல் தப்பு நான் பண்ணது. கார் எடுக்க சோம்பல் பட்டு ஒரு வேன் டூர் புக் பண்ணேன், அவன் கோட்டைக்கு குடுத்த டைம் மொத்தமே நாப்பது நிமிஷம். அதுல அகழி பாலத்த தாண்டி உள்ள போய் நாலு போட்டோ எடுக்கறதுக்குள்ள கிளம்புங்கன்னு கூப்பிட்டுட்டான். மறுநாள் சொந்த கார்ல திரும்ப போனோம், மூணு மணி நேரம் இருந்தோம், அது தான் சரியான கணக்கு. டிக்கெட் நாங்க போனப்ப ஆளுக்கு 10 டாலர், நேஷனல் பார்க் பாஸ் இருந்தா அதுவே போதும்.

கதை என்னன்னா, 1814ல பிரிட்டிஷ்காரன் வாஷிங்டனையே கொளுத்திட்டு போனதுக்கு அப்புறம் தான் அமெரிக்காவுக்கு கடற்கரை பூரா கோட்டை வேணும்னு உறைச்சிருக்கு. அந்த வரிசையில இது 1829ல ஆரம்பிச்சு 1847ல முடிஞ்சிருக்கு, சேத்து நிலத்துல மரத்தூண இறக்கி அதுக்கு மேல சுமார் 2.5 கோடி செங்கல். செங்கல்ல ஒரு பெரிய பங்கு பக்கத்துல இருந்த தோட்டத்து சூளையில அடிமைகள் அறுத்து சுட்டது, அத தெரிஞ்சுகிட்டு பார்த்தா அந்த அழகான ஆர்ச்சுங்க வேற மாதிரி தெரியும். சுவர் கனம் ஏழரை அடி. இளம் இன்ஜினியரா இங்க வேலை பார்த்த ராபர்ட் லீயே, பின்னாடி அமெரிக்க உள்நாட்டு போர்ல தெற்கு பக்கம் ஜெனரலா வந்து பார்த்துட்டு, டைபீ தீவுலேர்ந்து இந்த சுவர உடைக்க முடியாதுன்னு தைரியம் சொல்லிட்டு போனாராம். அவர் சொன்னதுல தப்பில்ல, பழைய பீரங்கிக்கு அது உண்மை தான், ஒரு மைலுக்கு அப்பால இருந்து அடிச்சா பந்து மாதிரி பட்டு விழும்.

ஆனா வடக்குகாரன் கொண்டு வந்தது குழலுக்குள்ள மரை வெட்டுன புது பீரங்கி. குண்டு சுத்திகிட்டே வந்து செங்கல்ல தொளைக்குது. 1862 ஏப்ரல் 10 காலையில ஆரம்பிச்சு முப்பது மணி நேரத்துல தென்கிழக்கு மூலையில பெரிய ஓட்டை, அது வழியா குண்டு நேரா எதிர் மூலையில இருக்குற வெடிமருந்து கிடங்க நோக்கி பாய ஆரம்பிச்சிருக்கு. உள்ள இருந்த கர்னல் ஓம்ஸ்டெட்டுக்கு வயசு 25, வெடிச்சா எல்லாரும் காலின்னு சரண்டர் ஆகிட்டாரு. பதினெட்டு வருஷம் கட்டுனது ரெண்டு நாள்ல போச்சு.

அந்த மூலைய பார்த்ததும் மாமா நின்னுட்டாரு. "மாப்ள, இது ஒட்டு வேலை, ரெண்டு சூளை கல்லு"ன்னாரு. பக்கத்துல இருந்த போர்ட நான் அப்புறம் தான் படிச்சேன், கரெக்ட், பிடிச்ச கையோட வடக்கு ராணுவம் சிவப்பு செங்கல் வெச்சு அடைச்சிருக்கு, கலர் வித்தியாசம் இன்னைக்கும் பளிச்சுனு தெரியுது. மத்த இடத்துல குண்டு பட்ட பள்ளமெல்லாம் அப்படியே விட்டிருக்காங்க, சிலதுல குண்டே சிக்கி கிடக்கு. இதுக்காகவே போகலாம்.

போன வருஷம் கொலராடோல லா ஹுன்டா பக்கம் பென்ட்ஸ் ஓல்ட் ஃபோர்ட் போயிருந்தோம், அது ராணுவ கோட்டையே இல்ல, 1833ல கட்டுன வியாபார கோட்டை, வெறும் சுடாத மண்கல்லு. அர்கன்சா ஆத்துக்கு அந்த கரை அப்போ மெக்சிகோ. செயென், அரபாஹோங்கிற பூர்வகுடி ஜனங்க எருமைத்தோல் கொண்டு வந்து போர்வை, பாசிமணி, காபி, சர்க்கரைன்னு வாங்கிட்டு போற எடம். ஓனர்ல ஒருத்தரான வில்லியம் பென்ட் செயென் வீட்டு மாப்பிள்ளையே ஆகிட்டாரு. அந்த மண் சுவர உடைக்க இந்த பீரங்கில ஒண்ணு போதும், ஆனா உடைக்கணும்னு யாருக்கும் தேவைப்படல, பதினாறு வருஷம் ஓடி 1849ல காலரா வந்த சமயத்துல கைவிட்டுட்டாங்க. அங்க இப்ப இருக்கறது 1976ல திரும்ப கட்டுனது. கடை ரூம் அருமையா வெச்சிருக்காங்க, குழந்தைங்களுக்கு அது தான் பிடிக்கும். மாமாகிட்ட போட்டோ காட்டுனேன், "இது புது வீடு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு.

புலாஸ்கில அரை மார்க் குறைச்சது கொசுவுக்கு. நாங்க போனது ஜூன், மேல் தளத்துல நிழலே கிடையாது, தண்ணியும் கொசு மருந்தும் இல்லாம இறங்காதீங்க. மேல் தளத்துல சில எடத்துல கைப்பிடி சுவர் கிடையாது, சின்ன பசங்கள கைய விட்டுடாதீங்க. பீரங்கி டெமோ அன்னைக்கு இருக்கான்னு உள்ள நுழையும்போதே கேட்டுக்கோங்க, நாங்க கேக்காம அந்த ஒட்டு செங்கல் கிட்டயே நின்னுட்டு இருந்ததுல சத்தம் மட்டும் தான் கேட்டோம்.