வேளச்சேரி கீரை நடை: சொல்லிக்கொடுத்தது சரி, பறித்த இடம்தான் சரியில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு 500 ரூபாய் கட்டி, காலி மனைகளில் முளைத்த களையில் எது சமைக்கிற கீரை என்று ஒருவர் நடத்திக் காட்டுவதைப் பார்க்கப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. "கீரைக்காரம்மா வாசலுக்கே கொண்டு வர்றாங்களே" என்றாள் மனைவி. போனேன்.

மழை விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்ததால் மனை முழுக்கப் பச்சை. கூட்டிப்போனவர் (பெயர் வேண்டாம்) விஷயம் தெரிந்தவர்தான். மூக்கிரட்டையையும் சாரணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாரே, அதற்கே பாதிக் காசு கொடுக்கலாம். இரண்டும் தரையோடு படர்கிற ஜாதி, இத்தனை நாள் ஒன்று என்றே நினைத்திருந்தேன். சாரணைக்கு இலை சதைப்பற்றாக இருக்கும், பூ காம்பில்லாமல் இலைக்கக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூக்கிரட்டையில் மெல்லிய காம்பு நீண்டு நுனியில் கடுகு மாதிரி பூ, காய் தொட்டாலே பிசுபிசுக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் சாக்ஸ் முழுக்க அதுதான். தொய்யக்கீரை, குப்பைக்கீரை, வேலியில் முடக்கத்தான் என்று மீதியெல்லாம் வேகமாக ஓடிவிட்டது. 22 பேர் வந்திருந்தோம், பின்னால் நின்றவர்களுக்குப் பாதி காதில் விழவில்லை.

இனி குறை. கடைசியில் கால்வாய் ஓரம் கூட்டிப்போய்ப் பொன்னாங்கண்ணியைப் பறிக்கச் சொன்னார். நல்ல கொழுகொழுவென்று இருந்தது, இருக்காதா பின்னே, சாக்கடைத் தண்ணீர் அல்லவா! கேட்டால் "உப்பு, மஞ்சள் போட்டு அலசுங்க, போதும்" என்கிறார். அலசினால் மண் போகும், பூச்சி போகும். வேர் வழியாக ஏறி இலைக்குள் சேர்ந்த ஈயம், காட்மியம் மாதிரி நச்சு உலோகங்கள் எப்படிப் போகும்? மனையில் களைக்கொல்லி அடித்திருப்பார்களா, நாய்கள் வந்துபோகிற மூலை எது என்றெல்லாம் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். காசு வாங்கிக்கொண்டு சாப்பிடச் சொல்கிறவர் முதலில் சொல்லவேண்டியதே இதுதான்.

பொன்னாங்கண்ணியை அங்கேயே போட்டுவிட்டு, ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த மனையில் பறித்த மூக்கிரட்டையை மட்டும் கொண்டுவந்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்து, வேகவைத்த பாசிப்பருப்போடு ஒரு பிரட்டு. ஒரு பை நிறையப் பறித்தது சட்டியில் இரண்டு கைப்பிடியாகச் சுருங்கிப்போனது. லேசான கசப்பு, அவ்வளவுதான். சிரித்தவள்தான் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அடுத்த நடைக்கும் போவேன், எந்தத் தெரு, எந்த மனை என்று கேட்டுக்கொண்டு அப்புறம்தான் பணம் கட்டுவேன்.