1971 வெற்றி நினைவுப் பெட்டி: அப்பாவுக்கு வாங்கியது, அப்பாவே திருத்தியது

அப்பா ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். 1967-இல் சேர்ந்து 1984-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில், இன்றைய வங்கதேசத்தில், பாலம் போடும் வேலை. அந்தப் போருக்காகக் கிடைத்த பூர்வி ஸ்டார் மெடலும் சங்கிராம் மெடலும் டிரங்குப் பெட்டியில் ஒரு துணியில் சுற்றிக் கிடக்கின்றன. வருடா வருடம், டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாளான டிசம்பர் 16 அன்று காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கேயும் போகமாட்டார். அன்றைக்கு அவருக்கு அப்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த முறை அந்த நாளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று தேடியபோதுதான் ஆன்லைனில் இந்த நினைவுப் பெட்டி கண்ணில் பட்டது. விலை 2,400 ரூபாய். ஒரு பீங்கான் மக், பித்தளை நாணயம், கையளவு சிப்பாய் பொம்மை, விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்தின் படம் போட்ட ஃபிரிட்ஜ் காந்தம், அமர் ஜவான் ஜோதி சாவிக்கொத்து, போர்க்களத்து வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்ற நால்வரைப் பற்றிய அட்டைகள், கடைசியாக டாக்கா சரணாகதி ஆவணத்தின் நகல். விற்பவரின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே தவறுகளை வேறு சில விற்பனையாளர்களின் பொருட்களிலும் பின்னர் பார்த்தேன். ஒருவரை மட்டும் சுட்டினால் மற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

பேக்கிங் பற்றிக் குறையே இல்லை. தடித்த அட்டைப்பெட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பள்ளம், மக் உடையாமல் வந்தது. அச்சும் பளிச்சென்று இருந்தது. செலவு செய்துதான் தயாரித்திருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு வருத்தமும் அதிகம்.

அப்பா முதலில் எடுத்தது பொம்மையை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, கட்டைவிரலால் அதன் துப்பாக்கியைத் தடவிப் பார்த்தார்.

"இது யாரும்மா?"

"சிப்பாய்ப்பா. எழுபத்தொண்ணுல சண்டை போட்ட சிப்பாய்."

"மேகசின் வளைஞ்சிருக்கே."

நான் அதுவரை கவனிக்கவே இல்லை. பொம்மையின் கையில் இருந்தது ஏ.கே. ரகத் துப்பாக்கி. 1971-இல் நம் காலாட்படையும் சாப்பர்களும் ஏந்தியது எஸ்.எல்.ஆர்., 7.62 மில்லிமீட்டர், இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. நீளமான துப்பாக்கி, மரக்கட்டை, கிட்டத்தட்ட நேராக இறங்கும் 20 ரவுண்டு மேகசின். "வெயிட்டு நாலு கிலோவுக்கு மேல. ராத்திரி பூரா தோள்ல கிடந்தா காலையில தோள் நம்மளது மாதிரியே இருக்காது" என்று சொல்லிவிட்டு, பொம்மையின் உடுப்பைப் பார்த்தார். சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்த பச்சையும் பழுப்பும் கலந்த உடுப்பு. அது தரைப்படை 2022 ஜனவரி 15 அன்று, ராணுவ தினத்தில், முதன்முதலாகக் காட்டிய புதுச் சீருடை. அப்பா போட்டிருந்தது ஓ.ஜி. எனப்படும் ஒரே ஆலிவ் பச்சை. குளிருக்கு மேலே அங்கோலா சட்டை, தலையில் வலை கட்டிய இரும்பு ஹெல்மெட். பொம்மையின் தலையில் இருப்பதோ காதை மூடும் இக்கால ஹெல்மெட். அடித்தட்டில் மட்டும் கொட்டை எழுத்தில் "1971".

என் மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், ஒன்பது வயது. "தாத்தா, நீங்க இப்படித்தான் இருந்தீங்களா?" என்று கேட்டான். "இல்லடா கண்ணு" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துவந்தார். பெய்லி பாலத்தின் இரும்புச் சட்டத்துக்கு முன்னால் மூன்று பேர். நடுவில் அப்பா, இருபத்திரண்டு வயது, காலெல்லாம் சேறு. சட்டத்தில் சாய்த்து வைத்த எஸ்.எல்.ஆர். மூன்று. மகன் படத்தையும் பொம்மையையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பொம்மையைக் கீழே வைத்துவிட்டான்.

ஒரு பொம்மைக்கு எதற்கு இவ்வளவு என்று சிலர் கேட்கலாம். அதே பொம்மையை வெறும் "இந்தியச் சிப்பாய்" என்று விற்றிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். 1971 என்று எழுதி, அந்த வருடத்தின் மதிப்பைக் காட்டித்தான் விலை வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த வருடத்து ஆளைத்தான் தர வேண்டும்.

அடுத்தது விக்ராந்த் காந்தம். இது எனக்குப் பொம்மையைவிடப் பெரிய தவறாகப் பட்டது. படத்தில் இருந்த கப்பலின் முன்பகுதி சறுக்குமரம்போல் மேல்நோக்கி வளைந்திருந்தது. கீழே "1971 வங்கக்கடல் நாயகன்" என்று எழுத்து. அது 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் கடற்படையில் சேர்ந்த புது விக்ராந்த். 262 மீட்டர் நீளம். 1971-இல் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய சீ ஹாக் விமானங்கள் கிளம்பியது பழைய விக்ராந்திலிருந்து. அது 1961-இல் சேர்ந்த கப்பல், நீளம் சுமார் 213 மீட்டர். அன்று அதன் மேல்தளம் தட்டை. விமானத்தை நீராவிக் கவண் ஒன்று உந்தி விடும். சீ ஹாரியர் விமானங்களுக்காக அதற்கும் ஒரு வளைவு வைத்தார்கள்தான். ஆனால் அது 1980-களின் பிற்பகுதியில். போரின்போது கொதிகலன் ஒன்று பழுதாகி, முழு வேகத்தில் ஓட முடியாத நிலையிலேயே அந்தக் கப்பல் அத்தனை வேலையும் செய்தது. அதைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி மூழ்கியது. அந்தப் பழைய கப்பலை 1997-இல் ஓய்வுபெறச் செய்து, பிற்பாடு உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டோம். மிச்சம் இருப்பது படங்கள்தான். அந்தப் படத்தையும் மாற்றிப் போட்டால் அந்தக் கப்பலுக்கு வேறு என்ன மிஞ்சும்?

தவறு எப்படி நடந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. இரண்டு கப்பல்களுக்கும் பெயர் ஒன்று, எண்ணும் ஒன்று: ஆர்11. தேடினால் முதலில் வந்து விழுவது புதுக் கப்பலின் தெளிவான வண்ணப் படங்கள். ஆனால் கப்பலில் பறக்கும் கொடியையாவது பார்த்திருக்கலாம். நீல எண்கோணத்துக்குள் நங்கூரம் உள்ள கொடி, புது விக்ராந்த் சேர்ந்த அதே நாளில் வெளியிடப்பட்டது. 1971-இல் நம் கடற்படைக் கொடி வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவைக் கோடு, மூலையில் மூவர்ணம். ஆக, கப்பல், கொடி இரண்டுமே ஐம்பது வருடம் தள்ளியவை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாணயத்தின் ஒரு பக்கம் நம் கொடியும் வங்கதேசக் கொடியும் எனாமலில். நல்ல வேலைப்பாடு. ஆனால் வங்கதேசக் கொடியில் சிவப்பு வட்டம் மட்டும் இருக்கிறது. வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினி ஏந்திய கொடியில் அந்த வட்டத்துக்குள் மஞ்சளில் நாட்டின் வரைபடமே இருந்தது, 1972 ஜனவரியில்தான் அதை எடுத்தார்கள். மறுபக்கம் "93,000 வீரர்கள் சரண்" என்று பொறித்திருக்கிறது. அந்த எண்ணிக்கையில் துணை ராணுவத்தினரும் சிவிலியன்களும் சேர்த்தி, எல்லாரும் வீரர்கள் அல்லர். அட்டைகளில் ஆல்பர்ட் எக்கா, அருண் கேத்ரபால், ஹோஷியார் சிங், நிர்மல்ஜித் சிங் சேகோன் நால்வரின் பெயர்களும் சரி. சேகோன் அட்டையில் போட்டிருக்கும் விமானம் மிக்-21. அவர் டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் மேல் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்துத் தனியாக நின்றது குட்டி நேட் விமானத்தில். விமானப்படையில் இன்றுவரை பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள் அவர். நான்கு அட்டைகளிலும் மெடலின் ரிப்பன் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. அது மகா வீர் சக்ராவின் ரிப்பன். பரம் வீர் சக்ராவுக்கு ஒரே ஊதா.

சாவிக்கொத்தின் பின்பக்கம் "1971 வீரர்களுக்காகக் கட்டப்பட்ட இந்தியா கேட்" என்கிறது. இந்தியா கேட் 1931-இல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கான் போரிலும் இறந்தவர்களுக்காக எழுப்பியது, 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உண்டு. 1971-இல் இறந்தவர்களுக்காக அதன் வளைவின் கீழ் வைத்தது அமர் ஜவான் ஜோதி, 1972 ஜனவரி 26-இல். தலைகீழாக நிறுத்திய துப்பாக்கி, மேலே ஹெல்மெட். 2022-இல் தேசியப் போர் நினைவிடத்துக்கு மாற்றும் வரை அங்கே நின்றதும் எஸ்.எல்.ஆர். தான்.

மக்குக்கு வருகிறேன். இதில்தான் அப்பாவுக்குக் கோபம் வந்தது. மக்கைச் சுற்றி எழுதியிருந்த வாசகம்: "ஃபீல்ட் மார்ஷல் மானெக்‌ஷா முன்னிலையில் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் இந்திய ராணுவத்திடம் சரணடைந்தது."

மானெக்‌ஷாவை அப்பாவுக்கு அவ்வளவு பிடிக்கும். கடைசிக் காலத்தில் அவர் குன்னூரில் இருந்தார், 2008-இல் வெல்லிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார், உதகையில் பார்சி இடுகாட்டில் அடக்கம். அப்பா ஒருமுறை அங்கே போய் நின்றுவிட்டு வந்தவர். அப்படிப்பட்டவர்தான் சொன்னார்: "அவரு அங்க வரவே இல்லம்மா. அரோரா சாப்தான் கையெழுத்து வாங்கினாரு. அவரு செய்ததுக்கு எதுக்கு இவருக்குப் பேரு?" 1971-இல் மானெக்‌ஷா ஜெனரல், தரைப்படைத் தளபதி. ஃபீல்ட் மார்ஷல் ஆனது 1973 ஜனவரியில். டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானின் கிழக்குப் படைத் தளபதி நியாஸியின் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்திட்டவர் லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா.

இவ்வளவுக்கும் சரியான விடை அதே பெட்டியின் அடியில் இருந்தது. சரணாகதி ஆவணத்தின் நகல். இந்தப் பெட்டியில் முழு மனதோடு நான் பாராட்டும் ஒரே பொருள் அதுதான். காகிதம் தடிமன், தட்டச்சு எழுத்துகள் அப்படியே, கையெழுத்துகள் தெளிவு. அதன் முதல் வரியே, கிழக்கு முனையிலுள்ள இந்திய, வங்கதேசப் படைகளின் தலைமைத் தளபதியான அரோராவிடம் சரணடைய ஒப்புக்கொள்வதாகத்தான் சொல்கிறது. இந்தியப் படை மட்டும் அல்ல. வங்கதேசப் படையும் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. கீழே இரண்டே கையெழுத்து, நியாஸி, அரோரா. அந்தக் காகிதத்தை ஒருமுறை வாசித்திருந்தால் மக்கில் அந்த வாசகம் வந்திருக்காது. ஒரே பெட்டிக்குள் வைக்கும் இரண்டு பொருட்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பாலம் போடுறப்ப எங்களுக்கு வழி காட்டுனது முக்தி வாகினிப் பசங்கதான். லுங்கியைக் கட்டிக்கிட்டு முன்னால ஓடுவாங்க" என்றார் அப்பா, மக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. அந்தப் பையன்களைப் பற்றி நான் அவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார்.

விற்பவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, மரியாதையான பதில். வடிவமைப்பாளர்களிடம் சொல்கிறோம், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். பணம் வேண்டாம், அடுத்த அச்சில் திருத்துங்கள் என்று திரும்ப எழுதினேன். ஒரு மாதம் ஆகிவிட்டது. விற்பனைப் பக்கத்தில் அதே பொம்மை, அதே மக், அதே கப்பல்.

வாங்க நினைப்பவர்களுக்கு: வீட்டில் அந்தப் போரில் இருந்தவர் யாராவது இருந்தால், பொருளின் படங்களை வாங்குவதற்கு முன்பே அவரிடம் காட்டிவிடுங்கள். நான் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று மறைத்து வைத்தேன், அது தவறு. அப்படி யாரும் இல்லையென்றால் துப்பாக்கி, கொடி, அதிகாரியின் பதவிப் பெயர் மூன்றை மட்டுமாவது பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகிறார்கள். ஆவண நகலைத் தனியாக விற்றால் தயங்காமல் வாங்கலாம். இப்போதைக்கு முழுப் பெட்டியை யாருக்கும் சொல்லமாட்டேன். ஐந்துக்கு இரண்டு.

நகல் இப்போது அப்பாவின் டிரங்குப் பெட்டியில், டிஸ்சார்ஜ் புக்குக்கு மேலே. நேற்று அவர் சொல்லி அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து விற்பவருக்கு அனுப்பியிருக்கிறேன். துப்பாக்கி, ஹெல்மெட், சட்டைக் காலர், பெல்ட் ஒவ்வொன்றுக்கும் நேராக அப்பா சொன்ன விவரத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தேன். பொம்மை செய்கிறவருக்கு அது போதும் என்கிறார் அப்பா. இன்னும் பதில் வரவில்லை.