நான்கு ஸ்லாட் இருந்தாலும் இரண்டே ரேம்: ஜி.ஸ்கில் ஃப்ளேர் எக்ஸ்5 (32 ஜிபி ஜோடி)

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் செயலியோடு புதிதாகக் கணினி அமைப்பவர்கள் பலரும், மதர்போர்டில் ரேமுக்கு நான்கு ஸ்லாட் இருப்பதைப் பார்த்ததும் நான்கையும் நிரப்பிவிட நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதனால்தான் 16 ஜிபி ரேம் இரண்டு சேர்ந்து வரும் ஃப்ளேர் எக்ஸ்5 ஜோடியை (டிடிஆர்5 வகை, வேகம் 6000 எம்டி/வினாடி, தாமத அளவு சிஎல்36) வாங்கிப் பொருத்தினேன்.

இந்தச் செயலிகள் நினைவகத்தை இரண்டு சேனல்களின் (தரவுப் பாதைகளின்) வழியாகவே அணுகுகின்றன. ஆகவே சேனலுக்கு ஒன்றாக இரண்டு ரேம் போட்டாலே போதும். மேலும் இரண்டைச் சேர்த்தால் கொள்ளளவு கூடுமே தவிர, புதிய சேனல் எதுவும் கிடைக்காது. மாறாக, ஒரே சேனலில் இரண்டு ரேம் இருக்கும்போது சிக்னலின் தெளிவு குறைவதால் வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கிறது. ஏஎம்டி இந்த வரிசைக்கு அதிகாரபூர்வமாகக் குறித்துள்ள வேகம் இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு 3600 மட்டுமே. 6000 என்பதே ஓவர்கிளாக், அதாவது அதிகாரபூர்வ வேகத்தை மீறி ஓட்டும் கணக்கில் வருவது. இரண்டு ரேமில் அதைப் பெரும்பாலும் சிரமமின்றி எட்டிவிடலாம், நான்கில் அப்படிச் சொல்ல முடியாது.

8 ஜிபி ரேம் நான்கு போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. டிடிஆர்5 வகையில் 8 ஜிபி ரேம்கள் பொதுவாக நான்கே சிப்களால் ஆனவை. அவ்வகைச் சிப்களில் பேங்க் குரூப்கள் (மாறி மாறி அணுகக்கூடிய நினைவகப் பிரிவுகள்) எட்டுக்குப் பதில் நான்கே இருப்பதால், 16 ஜிபி ரேமின் வேகம் அவற்றில் வருவதில்லை.

ஃப்ளேர் எக்ஸ்5-இன் உயரம் 33 மி.மீ. மட்டுமே என்பதால் பெரிய ஏர் கூலருக்கு அடியிலும் இடிக்கவில்லை. செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்களில் (ஏ2, பி2) பொருத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள போர்டு என்றால், கிளிப் இல்லாத முனை முழுமையாக இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுவது நல்லது. முதல் முறை இயக்கும்போது மெமரி ட்ரெய்னிங் (ரேமுக்கேற்பக் கணினி தன்னைச் சரிசெய்துகொள்வது) நடப்பதால் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். பதறிப்போய் அணைத்துவிடக் கூடாது. பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் ஓவர்கிளாக் வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பை) இயக்காவிட்டால் 4800 வேகத்தில்தான் ஓடும்.

பின்னாளில் இன்னொரு ஜோடியை நம்பிச் சேர்க்க முடியாது என்பதே இதிலுள்ள பெரிய குறை. தனித்தனியாக வாங்கிய ஜோடிகள் ஒத்துப்போகும் என்று நிறுவனமே உறுதி தருவதில்லை. வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலை செய்பவர்கள் தொடக்கத்திலேயே 32 ஜிபி ரேம் இரண்டாக வாங்கிவிடலாம். ஏஎம்டியின் முந்தைய தலைமுறையான ஏஎம்4 போர்டில் டிடிஆர்4 வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை; அங்கே சிங்கிள் ரேங்க் (சிப்கள் அனைத்தும் ஒரே தொகுதியாக இயங்கும்) ரேம் நான்கு போட்டால் சில வேலைகளில் சற்றுக் கூடுதல் வேகமே கிடைக்கும்.