அபியூஸ்ஐபிடிபி: இலவசக் கணக்கு எதற்கு உதவும், எதற்கு உதவாது

சிசிடிவியைக் கைபேசியில் பார்க்கவென்று ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்துவிட்ட காத்தான்குடிக் கடையோ, கணக்கு மென்பொருளுக்காக தூரத்திலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும் கல்முனை அலுவலகமோ, ரவுட்டர் லொக்கை (நடவடிக்கைப் பதிவை) பார்த்தால் ஊர்பேர் தெரியாத ஐபிகள் (இணைய முகவரிகள்) வரிசையாகத் தட்டிக்கொண்டிருப்பது தெரியும். அவை வேறு எங்கெல்லாம் கைவரிசை காட்டியிருக்கின்றன என்று பார்க்க அபியூஸ்ஐபிடிபி (AbuseIPDB) நல்ல இடம்; தொல்லை தரும் ஐபிகளைப் பற்றிப் பலரும் முறையிடும் இணையத்தளம் இது.

ஐபியைக் கொடுத்தால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும்; கூடக் கூடச் சந்தேகம் அதிகம். பலர் அதோடு நின்றுவிடுவார்கள். கீழே உள்ளதுதான் பெறுமதி: எத்தனை பேர் முறையிட்டார்கள், கடைசியாக எப்போது, எஸ்எஸ்எச் (தூர லொகின்) தாக்குதலா போர்ட் ஸ்கேனா (திறந்த போர்ட்டைத் தேடுவதா). ஒரே ஆள் நாற்பது தரம் சொன்னதைவிடப் பத்துப் பேர் ஒவ்வொரு தரம் சொன்னது கனம். பாவனை வகை டேட்டா சென்டர் (சேர்வர்கள் வாடகைக்கு விடும் இடம்) என்றால் துணிந்து தடுக்கலாம். மொபைல் இணைப்பு என்றால் பொறுங்கள். 4ஜியில் பல வீடுகள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருக்கும்; உங்கள் ரவுட்டரின் வேன் (WAN, வெளிப்பக்க) முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டம்தான். அப்படிப்பட்ட ஐபிக்கு நிரந்தரத் தடை போட்டால் வாடிக்கையாளரும் சேர்ந்து அடிபடுவார்.

இலவசக் கணக்கில் நாளுக்கு 1,000 ஐபி விசாரிப்பு; மோசமான ஐபிகளின் கரும்பட்டியல் 10,000 ஐபி வரை, நாளுக்கு 5 தடவை இறக்கலாம். சின்ன அலுவலகத்துக்குத் தாராளம். ஆனால் ஒவ்வொரு லொக் வரிக்கும் கேட்கும் ஸ்கிரிப்ட் எழுதினால் மத்தியானத்துக்குள் அளவு முடிந்து 429 பிழை வரும். ஒருமுறை கேட்ட பதிலை ஒரு நாளாவது சேமித்து வையுங்கள்.

மைக்ரோடிக் ரவுட்டரில் அந்தக் கரும்பட்டியலை அட்ரஸ் லிஸ்டில் ஒரு நாள் டைம்அவுட்டோடு (காலாவதியோடு) ஏற்றி, ரோ (raw) டேபிளின் ப்ரீரவுட்டிங்கில், அதாவது உள்ளே நுழைந்ததுமே, ட்ரொப் செய்வதே சுகமான வழி. டைம்அவுட் இல்லாமல் ஏற்றினால் எல்லாம் ஃப்ளாஷில் (ரவுட்டரின் நிரந்தரச் சேமிப்பில்) எழுதப்படும். 16 எம்பி ஃப்ளாஷ் உள்ள எச்ஏபி லைட் (hAP lite) போன்ற சின்ன ரவுட்டர் திணறும், அதற்குப் பட்டியலின் முதல் 2,000 ஐபியே போதும். டைம்அவுட்டோடு ஏற்றியவை கரண்ட் போய் வந்தால் அழிந்துவிடும். ஆகவே ரவுட்டர் தொடங்கியதும் பட்டியலை மீண்டும் ஏற்ற, ஷெட்யூலரில் ஸ்டார்ட்அப் வேலை ஒன்று வேண்டும், இணைப்பு வரும்வரை இரண்டு நிமிடத் தாமதத்தோடு. உங்கள் கிளையின் ஐபிக்கு அனுமதி விதி, தடை விதிக்கு மேலே இருக்கட்டும். இதை மறந்தால் மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக் கிளைக்குப் போய்த்தான் ரவுட்டரைத் திறக்க வேண்டி வரும்.

லொக்கைப் பார்த்துத் தாக்கும் ஐபியைத் தானாகத் தடுக்கும் ஃபெயில்2பேன் (Fail2ban) மென்பொருள் மூலம் நாமும் அபியூஸ்ஐபிடிபியில் முறையிடலாம். ஒரே ஐபியை 15 நிமிடத்துக்குள் மீண்டும் சொன்னால் ஏற்காது. கவனிக்க வேண்டியது, முறைப்பாட்டோடு எழுதும் குறிப்பை எல்லோரும் பார்க்கலாம்; லொக் வரியில் உள்ள பயனர் பெயரையும் சேர்வர் பெயரையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.

குறை என்றால், இது பெரும்பாலும் வாசலில் தட்டுபவர்களின் பட்டியல். உள்ளே தொற்றிய கணினி தாக்குபவரின் எந்தக் கட்டுப்பாட்டுச் சேர்வரோடு பேசுகிறது என்பதற்கு ஃபியோடோ ட்ராக்கர் போன்ற வேறு பட்டியல் தேவை. தாக்குபவர் நேற்று வாடகைக்கு எடுத்த ஐபிக்கு மதிப்பெண் 0ஆகவும் இருக்கலாம். 3389ஐ வயர்கார்ட் விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) ஒன்றுக்குப் பின்னால் தள்ளாமல் பட்டியலை மட்டும் நம்ப முடியாது.

கணக்குத் திறந்ததும் முதலில் உங்கள் சொந்தப் பொது ஐபியைத் தேடுங்கள். பகிராத ஐபியாக இருந்தும் புதிய முறைப்பாடு இருந்தால், சிசிடிவி டிவிஆரின் (பதிவுப் பெட்டியின்) இணைப்பைக் கழற்றிவிட்டு லொக்கைப் பாருங்கள்.