தங்கச்சி கல்யாணத்தைப் படம் பிடித்த களியக்காவிளை ஸ்டுடியோ

எங்கள் வீட்டில் எல்லாரும் நல்ல கறுப்பு. என் கல்யாண ஆல்பத்தில் வேறொரு ஸ்டுடியோக்காரர் என் முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பேற்றி, கழுத்தை அப்படியே விட்டிருந்தார். அதனால் தங்கச்சி கல்யாணத்துக்கு, சந்தைக்குப் போகிற வழியில் மாடியில் இருக்கும் இந்த ஸ்டுடியோவுக்குப் போனதும் முதலில் நிறத்தைப் பற்றித்தான் பேசினேன். "அண்ணாச்சி, நிறத்தை மாத்தக் கூடாது" என்றேன். "அந்த வேலையே இங்க கிடையாது மக்ளே" என்றார்.

கல்யாணம் பாறசாலையில். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டை, தங்கச்சி தங்க ஜரிகைக் கரை போட்ட வெள்ளைக் கசவுப் புடவை. இவ்வளவு வெள்ளை இருந்தால், கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டு போகும். அப்புறம் அதைச் சரிசெய்கிறேன் என்று கம்ப்யூட்டரில் வெளுப்பாக்குவார்கள். அண்ணாச்சியோ, துணியை விட்டுவிட்டு அவர்கள் முகத்தை வைத்தே வெளிச்சத்தை அளந்தார். உதவிக்கு வந்த பையன் ஒரு தெர்மகோல் பலகையைப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான். வீடியோவில் தாலி கட்டும் நேரத்தைப் பாருங்கள்: தங்கச்சியின் கன்னத்து மினுமினுப்பு தெரிகிறது, பாட்டியின் கறுப்பு வேறு, அத்தையின் மாநிறம் வேறு என்று தெளிவாகத் தெரிகிறது.

அண்ணாச்சி முன்பு திருவனந்தபுரத்தில் கலர் லேபில் இருந்தவர். கோடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருக்குமாம், அவள் நிறம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. பல நிறப் பெண்கள் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது. அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கறுத்த பெண்ணின் கதை என்று சொல்லும் சீரியலிலேயே வெளுத்த நடிகைக்குக் கறுப்பு பூசி நடிக்க வைக்கிறார்கள். மலையாளத்தின் முதல் படமான விகதகுமாரனில் நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் தலித் பெண் பி.கே. ரோசியை ஊரை விட்டே துரத்தினார்கள். பிறகு அவர் வாழ்ந்தது நம் நாகர்கோவிலில். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அவர் திரையில் எப்படி இருந்தார் என்று நாம் இனிப் பார்க்கவே முடியாது. நம் முகம் நம் முகமாகவே பதிவாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

குறை இல்லாமல் இல்லை. ட்ரோன் காட்சிகள் தேவைக்கு மேல். ஆல்பம் கைக்கு வர ரொம்பத் தாமதம், போன் பண்ணினால் "நாளைக்கு" என்பார். முன்பணம் கொடுக்கும்போதே ஆல்பம் தரும் தேதியை எழுதி வாங்கிவிடுங்கள். ஆவணி முகூர்த்தம் என்றால் சீக்கிரமே சொல்லி வையுங்கள், கடைசி நேரத்தில் போனால் ஆள் கிடைக்க மாட்டார்.