டர்ஃப் மைதானத்தை ஒட்டிய வீட்டுக்குத் தடுப்பு வலை: கட்டிய பின் ஒரு மதிப்பீடு

மதுரையின் வடக்கே, நத்தம் சாலையை ஒட்டிய பகுதிகளில் காலி மனைகள் பல, செயற்கைப் புல் விரித்த டர்ஃப் மைதானங்களாக மாறிவிட்டன. எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமும் அப்படி ஒன்று வந்து, மாலையில் தொடங்கும் ஆட்டம் நள்ளிரவு வரை நீள்வது வழக்கமாகிவிட்டது. மைதானத்தைச் சுற்றி வலை இருக்கிறது, மேலே இல்லை. ஆகவே தூக்கி அடிக்கப்படும் பந்து எங்கள் மொட்டை மாடியில்தான் விழும். சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் உடைந்தது. அம்மா வெள்ளை வேட்டியில் பிழிந்து காயவைத்திருந்த கூழ் வடகத்தின் நடுவே பந்து விழுந்து, பாதி ஈரமாக இருந்த வடகம் முழுவதும் மண்ணோடு குழைந்தது. பந்தை எடுக்கச் சுவரேறிக் குதிக்கும் பையன்களைக் கண்டு வீட்டுப் பெரியவர்கள் பயந்தார்கள். மைதானத்தாரிடம் பலமுறை பேசியும் மேல்வலை வரவில்லை என்பதால், மாடிகளுக்கு வலை கட்டிக்கொடுக்கும் ஒரு குழுவை அழைத்தோம். அவர்கள் செய்துகொடுத்த வேலையைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

அளவெடுக்க வந்தவர் முதலில் கேட்டது, எந்தப் பந்தில் ஆடுகிறார்கள் என்பதைத்தான். அது சரியான கேள்வி. இங்கே ஆடுவது டென்னிஸ் பந்தில். அதன் விட்டம் ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர். அதற்கு ஒன்றரை அங்குலக் கண் உள்ள வலை தாராளமாகப் போதும். கோல்ஃப் மைதானத்தை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. சிறிய, கெட்டியான, மிக வேகமாக வரும் அந்தப் பந்துக்கு ஓர் அங்குலக் கண்ணும் தடித்த இழையும் தேவை. 1895 முதல் கோல்ஃப் ஆடப்பட்டுவரும் கொடைக்கானல் போன்ற இடங்களில் வீடு வைத்திருப்பவர்கள், டர்ஃப் மைதானத்துக்கென்று விற்கும் வலையை அப்படியே வாங்கிவிடக் கூடாது.

இழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைலான் வலை தொடுவதற்கு மென்மையாகவும் வலுவாகவும் இருந்தாலும் ஈரத்தை உறிஞ்சும். வெயில் தாங்கும் பூச்சு இல்லாவிட்டால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சீக்கிரமே நைந்துவிடும். எச்டிபிஇ எனப்படும் பிளாஸ்டிக் இழை தண்ணீரை உறிஞ்சுவதில்லை. அதிலும் கார்பன் கலந்த கறுப்பு இழை புற ஊதாக் கதிர்களை நன்றாகத் தாங்கும். வெள்ளை வலைதான் பார்வைக்கு அழகு என்று வீட்டில் கருத்து இருந்தபோதும் நாங்கள் கறுப்பையே எடுத்தோம், அதில் வருத்தமில்லை.

கட்டும் வேலையில் அவர்களுடைய அனுபவம் தெரிந்தது. நான் வலையை நன்றாக இழுத்துக் கட்டச் சொன்னபோது மேஸ்திரி மறுத்துவிட்டார். "இறுக்கிக் கட்டுனா பந்து எகிறும்ணே, கொஞ்சம் தொய்வா விட்டாத்தான் அடங்கும்" என்றார். அவர் சொன்னபடியே, இப்போது வலையில் படும் பந்து வேகமிழந்து நேராகக் கீழே, மைதானத்தின் பக்கமே விழுகிறது. மேல் ஓரத்திலும் இரு பக்க ஓரங்களிலும் தடித்த கயிறு கோத்து, இரும்புக் குழாயில் வளையம் பற்றவைத்து, அந்த வளையங்களில் கயிற்றைக் கட்டினார்கள்.

குறை அடிப்பக்கத்தில்தான் இருந்தது. வலைக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டுவிட்டார்கள். எகிறி வரும் பந்து அந்த வழியாகவே உள்ளே நுழைந்தது. மேலும் கீழ் ஓரத்தைக் கயிற்றால் கட்டாமல் பிளாஸ்டிக் டேக் போட்டு முடித்திருந்தார்கள். அவை வெயிலில் காய்ந்து ஒவ்வொன்றாக முறிந்தன. தொலைபேசியில் சொன்னதும் வரவில்லை, பலமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது. வந்த பிறகு மறுபேச்சின்றிக் கூடுதல் பணம் வாங்காமல் கயிறு போட்டுக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வலை கட்டுபவர்களை அழைப்போர் அடிப்பக்கக் கட்டைத் தம் கண்ணால் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுப்பது நல்லது.

சத்தத்துக்கு வலையால் ஆவது ஒன்றுமில்லை. வலைமேல் பச்சை நிழல் துணியைப் போர்த்தினால் சத்தமும் விளக்கு வெளிச்சமும் குறையும் என்று வேறொரு விற்பனையாளர் எங்களிடம் சொன்னார். வெளிச்சம் ஓரளவு குறையலாம், சத்தம் குறையாது, ஏனென்றால் ஒலியைத் தடுக்கச் சுவரைப் போல எடையுள்ள பொருள் வேண்டும். அதோடு, ஆடிக் காற்றை அந்தத் துணி முழுவதுமாக வாங்கிக்கொண்டு குழாய்களை அடியோடு சாய்த்துவிடக்கூடும். எங்களுக்கு வலை கட்டியவர்கள் அதைத் தாங்களாகவே வேண்டாம் என்றார்கள். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்ன அந்தக் குணத்துக்காகவே அவர்களை நான் பிறருக்குப் பரிந்துரைக்கிறேன்.

இரவுக் கூச்சலுக்கு வழி வேறு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுமே வரம்பு. இதை எழுத்தில் காட்டிப் பேசிய பிறகுதான் மைதானத்தார் மைக்கை நிறுத்தினார்கள், எங்கள் படுக்கையறையை நோக்கியிருந்த விளக்கையும் கீழ்நோக்கித் திருப்பினார்கள். ஆட்டக்காரர்களின் கூச்சல் இன்னும் ஓயவில்லை.

விலை, வலைக்குச் சதுர அடிக் கணக்கிலும் இரும்பு வேலைக்குத் தனியாகவும் வந்தது. இரும்பு வேலைதான் அதிகம். மொத்தச் செலவு சோலார் ஹீட்டரைப் பழுதுபார்த்ததைவிடக் கூடுதல் என்றாலும், மாடியில் மறுபடியும் வடகம் காய்கிறது, பேரப்பிள்ளைகள் பயமின்றி விளையாடுகிறார்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று அந்த அடிப்பக்கக் கட்டுக்காக. ஆண்டுதோறும் ஆடிக்கு முன் ஓரக் கயிறுகளைச் சரிபார்க்க வருவதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்தால் இந்தச் சேவை இன்னும் முழுமை பெறும்.