உலாவிக்குள் ஹைக்கூ: நோவிஎன்சியா, குவாக்கமோலேயா?

பிஓஎஸ் இயங்குதளத்தை மீட்டெடுக்க 2001-இல் தொடங்கிய ஹைக்கூ என்ற இயங்குதளத்தை, வழங்கி ஒன்றில் க்யூஎம்யூ என்ற மென்பொருள் உருவாக்கும் மெய்நிகர் கணினியில் நிறுவி, எந்த இடத்து உலாவியிலிருந்தும் திறந்து வேலை செய்ய வேண்டும் என்பதே என் தேவை. தொலைக் கணினியின் திரையை உலாவியில் காட்டும் நோவிஎன்சி, அப்பாச்சி குவாக்கமோலே இரண்டையும் நிறுவிப் பார்த்துவிட்டு, முன்னதை வைத்துக்கொண்டேன். உலாவிக்குள்ளேயே ஒரு கணினியை உருவாக்கும் வி86-இலும் ஹைக்கூ ஓடும்; ஆனால் அது 32-பிட் மட்டுமே, தொலை அணுக்கமும் அன்று.

திரையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். இரண்டும் காட்டுவது, விஎன்சி என்ற தொலைத்திரை நெறிமுறையில் க்யூஎம்யூ தரும் திரையையே. அத்திரை ஹைக்கூவுக்கு வெளியே உருவாவதால், தொடக்கத்தில் சின்னங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்வது முதல், இயங்குதளத்தின் கருவம் (கெர்னல்) நிலைகுலைந்து பிழைதிருத்தியின் உரைத்திரை எழுவது வரை அனைத்தையும் காணலாம். அங்கேயே கட்டளையும் தட்டலாம். சுட்டிக்குறி விரலளவு தள்ளியே நின்று, ஹைக்கூவின் பணிப்பட்டையான டெஸ்க்பாரைச் சொடுக்கவே முடியாமல் நான் முதல் நாள் தவித்ததும் இரண்டுக்கும் பொது. மெய்நிகர் கணினியில், சுட்டி திரையில் நிற்கும் இடத்தையே நேரடியாகச் சொல்லும் யூஎஸ்பி டேப்லெட் சாதனத்தைச் சேர்த்ததும் அது சரியாயிற்று.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. க்யூஎம்யூவின் விஎன்சி வழங்கிக்கு, உலாவி நேரடியாகப் பேசக்கூடிய வெப்சாக்கெட் இணைப்பு தானே தெரியும். முதல் திரை 5900-ஆம் போர்ட்டில் இருந்தால், அதன் வெப்சாக்கெட் 5700-இல் கிடைக்கும். எனவே இடையில் வேறு நிரல் எதுவும் வேண்டாம். நோவிஎன்சி என்பது எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளின் தொகுப்பே. அவற்றை என்ஜின்எக்ஸ் என்ற வலை வழங்கி மென்பொருள் பரிமாறினால் போதும், பின்னணியில் ஓடவோ விழவோ அதில் ஒன்றும் இல்லை. குவாக்கமோலேயில், விஎன்சியைத் தன் நெறிமுறைக்கு மாற்றும் குவாக்டி என்ற பின்னணி நிரல் 4822-ஆம் போர்ட்டில் ஓட வேண்டும். குவாக்கமோலேயின் வலைச்செயலிக்கு ஜாவாவும், ஜாவா வலைச்செயலிகளை ஓட்டும் டாம்கேட்டும் வேண்டும். டாம்கேட் 10-இல் ஜாவா தொகுப்புகளின் பெயர்கள் மாறிவிட்டதால், குவாக்கமோலே 1.5 வரிசை அதில் நேரடியாக ஓடாது. டாம்கேட் 9-ஐயே பிடித்து வைத்திருக்க வேண்டும். வழங்கியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இத்தனை பாகங்களின் பதிப்புகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது, தனி ஒருவர் பயன்படுத்தும் ஒரு கணினிக்கு மிகையான வேலை.

பாதுகாப்பில் குவாக்கமோலே முந்துகிறது: பயனர் கணக்குகள், இரட்டைச் சரிபார்ப்பு, அமர்வுப் பதிவு எல்லாம் அதில் உண்டு. விஎன்சி கடவுச்சொல்லிலோ முதல் 8 எழுத்துகளே கணக்கில் வரும். ஆகவே க்யூஎம்யூ 127.0.0.1-இல், அதாவது அதே வழங்கிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்கும்படி வைத்து, மறைகுறியாக்கத்தையும் கடவுச்சொல்லையும் என்ஜின்எக்ஸிடம் ஒப்படைத்தேன். பலர் பகிரும் அமைப்பை நான் நடத்திப் பழகியதில்லை. அத்தகையோருக்குக் குவாக்கமோலேயின் சுமை நியாயமானதாகவே இருக்கலாம்.

விசைப்பலகையில் ஹைக்கூவின் மரபே உலாவிக்குத் தோதாக அமைந்துள்ளது. கன்ட்ரோல்-டபிள்யூவைப் பக்கத்திடம் விடாமல் உலாவி தன் டேபையே மூடிவிடும். ஹைக்கூவிலோ சாளரத்தை மூடுவது ஆல்ட்-டபிள்யூ. டெர்மினலில் ஒரு சொல்லை அழிக்கக் கன்ட்ரோல்-டபிள்யூவே வேண்டும் என்பதால், அங்கு மட்டும் கை தவறும். அதற்கு நோவிஎன்சியின் பக்கப்பட்டையில் உள்ள கன்ட்ரோல் பொத்தானை அழுத்திவிட்டு டபிள்யூவைத் தட்டுகிறேன்.